மண்டியில்தான் சத்து

அன்புள்ள தம்பி,

போட்டி நாளுக்கென்று அந்தச் சத்துத் தூள் டின்னில் பாதியைத் தனியாக எடுத்து வைத்திருப்பதாக எழுதியிருந்தாய். உன் கடிதத்தில் வேறு எத்தனையோ விஷயங்கள் இருந்தன. கொழும்பில் உன் கொட்டாஞ்சேனை அறையில் காலையில் தண்ணீர் வராதது, ஹார்ட்வெயார் கடை முதலாளி போட்டிக்கு லீவு தருவதாகச் சொன்னது, எடை தூக்கிப் பழகும் இடத்தில் உன்னை எல்லோரும் ஊர்ப் பெயரால் ‘பதுளை’ என்றே கூப்பிடுவது. எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் சிரித்தாள். டின்னைப் பற்றிய இந்த ஒரு வரியை மட்டும் வாசிக்காமல் தாண்டிவிட்டேன். உன் அம்மாவுக்கு எழுத்து தெரியாதது எனக்கு அன்றைக்கு வசதியாக இருந்தது. அதற்காக இப்போது வெட்கப்படவேண்டும் என்று தெரிகிறது. ஆனால் வெட்கம்கூட எனக்குத் தாமதமாகத்தான் வருகிறது, வந்தாலும் வாசலிலேயே நின்றுவிடுகிறது.

“அப்பா, நீங்க ஒரு காலத்துல தோட்டத்துல மருந்து கலக்குனவர்தானே, லேபிளப் பாத்து நல்லதா கெட்டதான்னு சொல்லுங்க” என்று கேட்டிருக்கிறாய். இருபது வருஷமாக என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. துணிக்கடையில் கஜக்கோலைப் பிடித்து நிற்கிற ஆளிடம் மருந்தைப் பற்றி யார் கேட்கப் போகிறார்கள்? நீ அனுப்பிய லேபிளையும், காகிதத்தில் மடித்து வைத்திருந்த ஒரு சிட்டிகைத் தூளையும் எடுத்துக்கொண்டு, நம் கடைக்கு நாலு கடை தள்ளியிருக்கிற பார்மசி நானாவிடம் போனேன். அவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி, லேபிளை மூக்குக்குக் கிட்டே பிடித்து வாசித்தார். “பேரெல்லாம் வரிசையா போட்டிருக்கான், அளவு ஒண்டையும் காணல்லியே. எத்தன கரண்டி போடணும்டு மட்டும் எழுதியிருக்கான்” என்றார். பிறகு ஒரு பெயரின் மேல் விரலை வைத்தார். “இது தொய்வுக்காரங்களுக்குக் குடுக்கிற மாத்திரையோட சாமான். மூச்சுக் கொழாய விரிக்கும். நெஞ்சையும் போட்டு அடிக்கும். இதோட கோப்பிச் சத்தையும் சேத்திருக்கான். ரெண்டும் ஒரே பக்கமா இழுக்கிற மாடு. யாருக்கு இது?” என்று கேட்டார். தெரிந்த பையனுக்கு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நீ எழுதியிருந்தாய், தூளைக் கரைத்துக் குடித்த கால் மணி நேரத்தில் காது சூடாகிறது, முகம் சிவக்கிறது, தோல் விறுவிறுக்கிறது, அதனால் மருந்து வேலை செய்கிறது என்று. அது ஒரு விட்டமின் செய்கிற வேலை, தம்பி. ரத்தம் தோலுக்கு ஏறி முகம் சிவக்கிறது, அவ்வளவுதான். அதனால் உன் கை ஒரு றாத்தல்கூட அதிகமாகத் தூக்காது. விற்கிறவனுக்கு இது நன்றாகத் தெரியும். காசு கொடுத்தவனுக்கு ஏதாவது ஒன்று நடந்ததாகத் தோன்றவேண்டும், அதற்காகச் சேர்க்கிறான். தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் நாங்களும் அதைத்தான் செய்தோம். கசக்காத மருந்தை லயத்து வரிசை வீடுகளில் யாரும் மதிக்கமாட்டார்கள் என்பதால் கசப்புக்கென்றே ஒன்றைச் சேர்ப்போம். உடம்பில் ஏதோ தெரிவது வேறு, உடம்புக்கு ஏதோ கிடைப்பது வேறு. இதை நான் மிகவும் தாமதமாகக் கற்றுக்கொண்டேன்.

எடை தூக்கப் போவதற்கு முன் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் என் பதில் உனக்குச் சப்பென்றுதான் இருக்கும். இரண்டு மணி நேரம் முன்னால் வயிற்றில் சோறோ ரொட்டியோ இருக்கட்டும். கிட்டத்தில் ஒரு வாழைப்பழம். கோப்பிச் சத்து உண்மையிலேயே உதவுகிற சாமான்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது பால் விடாத ஒரு கோப்பைத் தேநீரில், நம் சாயத்தண்ணியிலேயே இருக்கிறது. உன் தாய்மாமனும் அவன் கூட்டாளிகளும் விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் அதைத்தான் குடித்தார்கள், குடித்துவிட்டு மத்தியானம் வரை மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டினார்கள். வியர்த்து ஊற்றுகிற நாளில் தேசிக்காய்த் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பும் சீனியும் போட்டுக்கொள். முதல் நாள் ராத்திரி தூங்கு. புதிதாக எதையாவது சாப்பிட்டுப் பார்க்கத் தோன்றினால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், அளவு தெரிந்ததை மட்டும், கொஞ்சமாக, சாதாரண நாளில் சாப்பிட்டுப் பார். போட்டியன்று ஒருபோதும் வேண்டாம். அளவு எழுதாத எதுவும் உன் வாய்க்குள் போகக்கூடாது, அதை யார் கொடுத்தாலும் சரி. நான் கொடுத்தாலும் சரி.

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். நேற்று இந்த இடத்தோடு நிறுத்தி, கடிதத்தை மடித்தும் வைத்தேன். ஆனால் நீ என் பேச்சைக் கேட்கமாட்டாய். கொழும்புக்குப் போகாதே என்றபோது கேட்டாயா? காரணம் தெரியாமல் எதையும் செய்யாதவன் நீ, அது உன் அம்மாவின் புத்தி. அதனால் காரணத்தைச் சொல்கிறேன்.

நான் படித்துத் தேறிய மருந்தாளன் இல்லை. தோட்டத்து டிஸ்பென்சருக்குக் கையாளாகச் சேர்ந்தேன். போத்தல் கழுவினேன், புண்ணுக்குத் துணி கட்டினேன், பிறகு மருந்து கலக்கப் பழகினேன். அப்போதெல்லாம் சனங்கள் தங்கள் வீட்டுப் போத்தலைக் கொண்டுவந்து ஜன்னலில் நீட்டுவார்கள். மருந்தை ஊற்றி, பல்லுப் பல்லாக வெட்டிய ஒரு காகிதப் பட்டையைப் போத்தலின் பக்கத்தில் ஒட்டிக் கொடுப்போம். ஒரு பல் ஒரு வேளை. அதற்கு மேலே ஒட்டுகிற துண்டில், குலுக்கிக் குடிக்கவும் என்று இங்கிலீஷில் அச்சடித்திருக்கும். லயத்தில் அதை வாசிக்க யாராலும் முடியாது. வாயால் சொல்வதுதான் எங்கள் வேலை. “நல்லாக் குலுக்கிக் குடிங்க” என்று ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லுவேன்.

கவ்வாத்துக்காரர்களுக்கென்று ஒரு பலத்து மருந்து இருந்தது. இரும்புச் சத்தும் எட்டிக்கொட்டைச் சாறும் சேர்ந்தது. எட்டிக்கொட்டை விஷம் என்பது உனக்குத் தெரியும். துளி அளவில் நரம்பை முறுக்கேற்றி, பசியைத் தூண்டும் என்று அந்தக் காலத்தில் பெரிய டாக்டர்களே எழுதிக் கொடுத்தார்கள். ஒரு மாதம் டிஸ்பென்சர் லீவில் போனார். ஜன்னல் என் கைக்கு வந்தது. எல்லோரும் என்னை ‘டாக்டரய்யா’ என்று கூப்பிட்டார்கள், நானும் திருத்தவில்லை. வயிறு எரியுது, டாக்டரய்யா என்று சில பேர் சொன்னார்கள். வயிற்றெரிச்சலுக்கு என்ன கொடுப்போம்? சோடா உப்பு. அதையும் அந்த ஜாடியிலேயே கலந்துவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. அந்த உப்பு சேர்ந்தால் எட்டிக்கொட்டை விஷம் தண்ணீரோடு நிற்காமல் பிரிந்து மெதுவாக அடிக்கு இறங்கிவிடும் என்பது எனக்குத் தெரியாது. போத்தலின் அடியில் வெள்ளையாகக் கொஞ்சம் மண்டி தங்கியது. அதை நான் பார்த்தேன். மருந்து கெட்டுவிட்டதோ, டிஸ்பென்சர் வந்தால் ஏசுவாரோ என்று பயந்தேன். விஷத்தைப் பற்றி அல்ல, ஏச்சைப் பற்றித்தான் பயந்தேன்.

உன் தாய்மாமன் மருதையை உனக்கு ஞாபகம் இருக்காது, உனக்கு அப்போது மூன்று வயது. தாய் தகப்பன் இல்லாததால் அக்காவோடு நம் லயத்து அறையில், அந்த ஒற்றைக் காம்பராவில்தான் இருந்தான். உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் ஓடுவான், உன் அம்மா கத்துவாள், அவன் இன்னும் வேகமாக ஓடுவான். சித்திரை வருஷப் பிறப்புக்கு அக்கம்பக்கத்துத் தோட்டங்கள் சேர்ந்து நடத்துகிற ஓட்டத்தில் அவன் மூன்று வருஷமாக இரண்டாவதாக வந்துகொண்டிருந்தான். முதலாவது ஸ்பிரிங்வெளிப் பக்கத்து ஆள் ஒருவன். இந்த வருஷம் விடமாட்டேன் என்று அவனும் பலத்து மருந்து வாங்கினான். ஒரு நாள் ஜன்னலுக்கு வந்து, பத்துப் பேர் நிற்கும்போது சொன்னான்:

“மாமா, ஒங்க மருந்து முந்தி மாதிரி கசக்கவே இல்லயே. மேல வெறும் தண்ணியாத்தான் இருக்கு. அடியில வெள்ளையா என்னமோ கெடக்கு. கெட்டுப் போச்சா?”

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் தங்கள் போத்தலைத் தூக்கிப் பார்த்தார்கள். எனக்கு முகம் சுண்டிப் போயிற்று. “போடா, மருந்து தெரிஞ்சவன் நீயா நானா? மண்டியிலதான்டா சத்து இருக்கு” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அதற்கப்புறம் குலுக்கச் சொல்ல நான் மறந்துபோனேன் என்று வைத்துக்கொள்ளலாம். உண்மையில், குலுக்கச் சொன்னால் மண்டியைப் பற்றி எனக்கே சந்தேகம் என்று தெரிந்துவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

நான் சொன்னதை அவன் அப்படியே எடுத்துக்கொண்டான். மேலே இருந்ததை அன்றாடம் குடித்தான், அடியில் இருந்ததைப் போட்டி நாளுக்கென்று சேர்த்து வைத்தான். வாரத்துக்கு ஒரு போத்தல். ஒவ்வொன்றின் மண்டியையும் ஒரே போத்தலில் வடித்து, நம் சமையல் மூலையில் சுவரோடு இருந்த தட்டில், சீனிப் போத்தலுக்குப் பின்னால் வைத்திருந்தான். நான் தினமும் அந்தத் தட்டுக்குக் கீழே உட்கார்ந்துதான் சாப்பிட்டேன்.

போட்டியன்று காலையில் முதலுதவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் முன்னாலேயே மைதானத்துக்குப் போய்விட்டேன். ஓட்டம் தேயிலை ஸ்டோர் வாசலில் தொடங்கி, ரோட்டில் இறங்கி, சுற்றி, மைதானத்தில் முடியும். கடைசி வளைவில் முதல் ஆளாக மருதை வந்தான். பின்னால் ஆளே இல்லை. கூட்டம் தகரத்தைத் தட்டிக் கூச்சல் போட்டது. “சிரிச்சிக்கிட்டே வர்றான் பாருடா!” என்று யாரோ கத்தினார்கள். ஆமாம், பல் தெரிய, வாய் அகல, சிரித்துக்கொண்டே வந்தான். நானும் கை தட்டினேன். கிட்டே வந்தபோதுதான் அது சிரிப்பில்லை, தாடை இறுகிப்போன முகம் என்று தெரிந்தது. காலை மடக்க முடியாமல், கட்டையை நட்டுவைத்தது போல் ஒரு தடவை நின்றான், பிறகு முகங்குப்புற விழுந்தான். முடிவுக் கயிற்றுக்கு ஒரு பத்தடி இருந்திருக்கும். என் பெட்டியில் அயோடினும் துணியும் இருந்தன.

தோட்டத்து லொறியில் பதுளைக்குக் கொண்டுபோனோம். அவன் காலை நான் பிடித்திருந்தேன். இந்த விஷம் ஏறினவனுக்குச் சத்தமே ஆகாது, ஒவ்வொரு சத்தத்துக்கும் உடம்பு வில்லாக முறுக்கும் என்று பிறகுதான் வாசித்தேன். நம் மலை ரோட்டில் எத்தனை வளைவு என்று உனக்குத் தெரியும். ஒவ்வொரு வளைவிலும் டிரைவர் ஹோர்ன் அடித்தான், அடித்துத்தானே ஆகவேண்டும். ஒவ்வொரு ஹோர்னுக்கும் அவன் உடம்பு பலகையிலிருந்து எழும்பி எழும்பி விழுந்தது. அவனுக்கு நினைவு இருந்தது. “மாமா” என்று பல்லுக்குள்ளேயே சொன்னான். டவுனுக்கு மூன்று வளைவு இருக்கும்போது முடிந்துவிட்டது. அதற்குப் பிறகும் டிரைவர் ஹோர்ன் அடித்தான், அவன் அசையவில்லை. அப்போதிருந்து எனக்குள்ளும் ஏதோ ஒன்று அசையவில்லை.

அன்று சாயந்தரம் நான் செய்த காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். உடம்பு தோட்டத்துக்கு வருவதற்கு முன்னாலேயே லயம் லயமாகப் போய், எல்லாப் பலத்து மருந்துப் போத்தலையும் வாங்கிக் சாக்கடைக் கானில் கொட்டினேன். மற்றவர்களைக் காப்பாற்றத்தான் என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிவந்தேன். பாதி அது. மறு பாதி, ஜாடியையும் கழுவி வைத்தேனே, அது யாரைக் காப்பாற்ற? விசாரணையில் கேட்டார்கள். “குலுக்கித்தான் குடிக்கணும்னு சொன்னேன்ங்க. அவன் கேக்கல்லங்க” என்றேன். லேபிளில் அச்சடித்திருந்ததைக் காட்டினேன். அன்றைக்கு ஜன்னலில் நின்ற பத்துப் பேரும் நான் சொன்னதைக் கேட்டவர்கள். ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. டாக்டரய்யாவை எப்படிக் காட்டிக்கொடுப்பது என்று விட்டுவிட்டார்கள். நான் வேலையை விட்டுப் பதுளைக்கு வந்து துணிக்கடையில் சேர்ந்தேன்.

நீ வளர்ந்த வீட்டில் எதையும் குலுக்காமல் குடிக்கமாட்டோம், ஞாபகம் இருக்கிறதா? இருமல் மருந்தை மட்டுமல்ல, தண்ணீர்ப் போத்தலையே நீ குலுக்குவாய். “மாமா போத்தலக் குலுக்காமக் குடிச்சு செத்துட்டாரு” என்று பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லியிருக்கிறாய். அந்தப் பொய்யை நான் விசாரணையில் மட்டும் சொல்லவில்லை, உன் வாயிலும் ஊட்டிவிட்டேன். செத்தவன் மேலேயே பழியைப் போட்டேன்.

பள்ளிக்கூட ஓட்டத்தில் நீ முதலாவதாக வந்த அன்று நான் மைதானத்துக்கு வரவில்லை. கோப்பையைக் கொண்டுவந்து காட்டினாய். “சரி, வை” என்றேன். நீ அன்றிரவு அம்மாவிடம், “அப்பாவுக்கு என்னயப் புடிக்காதாம்மா?” என்று கேட்டது எனக்குக் கேட்டது. எழுந்து வந்திருக்கலாம், வரவில்லை. பிடிக்காமல் இல்லை, தம்பி. ஓடுகிற பிள்ளையின் சிரித்த முகத்தைப் பார்க்க என்னால் முடியாது. இதை ஒரு வரியில் அன்றைக்கே சொல்லியிருக்கலாம். என் நாக்கில் அந்த நாளிலிருந்து உப்பும் தெரிவதில்லை, உறைப்பும் தெரிவதில்லை. கசப்பு மட்டும் தெரிகிறது. நீ அனுப்பிய தூளை நுனி நாக்கில் வைத்துப் பார்த்தேன், கசந்தது. பயமாக இருந்தது. உனக்காகப் பயந்தேன். வெகு காலத்துக்குப் பிறகு எனக்கு வந்த உணர்ச்சி அது ஒன்றுதான், அதனால் அதை நம்புகிறேன்.

ஆகவே, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். போட்டிக்குப் போ. தோற்றுப்போ, நான்காவதாக வா, எனக்கு எல்லாம் ஒன்றுதான். அந்தத் தூள் மட்டும் வேண்டாம். போட்டி நாளுக்கென்று எதையும் சேர்த்து வைக்காதே.

இந்தக் கடிதத்தை ஒட்டுவதற்கு முன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டவேண்டும். உனக்குப் போகிற எல்லாக் கடிதமும் அப்படித்தான் போகிறது, கடைசி இரண்டு வரி அவள் சொல்ல நான் எழுதுவது. அவளுக்கு வாசிக்க வேறு ஒன்றைச் சின்னதாக எழுதிவிடலாமா என்று யோசித்தேன். பேனாவைக்கூட எடுத்தேன். பிறகு வேண்டாம் என்று, இதுவரை எழுதிய இதையே வாசித்தேன்.

அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மருதை பெயர் வந்ததும் கை நின்றது. மண்டியைப் பற்றி நான் ஜன்னலில் சொன்ன இடம் வந்தபோது நான் நிறுத்தினேன். “வாசிங்க” என்றாள். கடைசி வரை வாசித்தேன். அழுவாள் என்றோ, எழுந்து போய்விடுவாள் என்றோ நினைத்தேன். சுளகைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“நீங்க சொன்னதா அவன் அன்னிக்கே வந்து எங்கிட்டச் சொன்னான். தெரியும்.”

“தெரிஞ்சுமா ஒண்ணுஞ் சொல்லாம இருந்த?”

“போட்டியன்னிக்கு அவன் போத்தலக் கவுத்துனான், அடியில ஒட்டிக்கிட்டு வரல. ‘நேரமாச்சு, வுடுக்கா’ன்னான். நாந்தான் வெந்நி ஊத்திக் கழுவி, ஒரு சொட்டு வுடாம அவன் வாயில ஊத்துனேன். ஒங்க மருந்து, வீணாக்கக் கூடாதுன்னு.” ஒரு கல்லை எடுத்து வாசல் பக்கம் எறிந்தாள். “நான் எந்த வாயால ஒங்களக் கேக்குறது?”

ஒரே அறையில், ஒரே பாயில், இருபது வருஷம். நான் அவளிடமிருந்து ஒளித்தேன், அவள் என்னிடமிருந்து ஒளித்தாள். நான் அவள் கையைப் பிடித்தேனா என்று கேட்பாய். இல்லை. சுளகின் மறுபக்கத்தில் உட்கார்ந்து நானும் கல் பொறுக்கினேன்.

வழக்கமாக, நேரத்துக்குச் சாப்பிடு, மழையில் நனையாதே என்று எழுதச் சொல்லுவாள். இன்றைக்கு அவள் சொன்ன இரண்டு வரியை, அவள் சொன்னபடியே கீழே எழுதுகிறேன்.

“தம்பி, அந்த டின்ன மூடியோட அப்புடியே குப்பையில போட்டுரு. கழுவி எடுத்து வைக்காத.”